ஊமைக் கேம் பாயும் முனகும் கேம் கியரும்

நவம்பர் 3, திங்கள், கடலூர்

பழுதுபார்க்கும் மேசைக்குக் கையில் வைத்து விளையாடும் பழைய கேம் கருவிகள் இரண்டு வந்திருக்கின்றன. முதலாவது, 1989-இல் வெளிவந்த மாடலான சாம்பல் நிறக் கேம் பாய். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டு அலமாரியில் கிடந்தது. பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த சொந்தக்காரர்கள் விட்டுப்போனது என்பதால் கையேடு முழுக்கப் பிரெஞ்சு. இரண்டாவது சேகா கேம் கியர், மஞ்சக்குப்பத்திலிருந்து. "ஸ்பீக்கர் போச்சுண்ணே, புதுசு போட்டுடுங்க" என்று இரண்டு பேருமே சொல்லித்தான் கொடுத்தார்கள். வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இப்படித்தான் சொல்வார்கள். ஸ்பீக்கர்தான் கடைசியாகச் சாகிற உறுப்பு.

திறப்பதற்கு முன்னால் செய்த சோதனை. கேம் பாயில் கேட்ரிட்ஜ் (விளையாட்டு இருக்கும் செருகு பெட்டி) இல்லாமலே ஆன் செய்தால் போதும். லோகோ இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டம் இறங்கி நின்றதும் "டிங்" வரும். கேட்ரிட்ஜை அது சரிபார்ப்பது அதற்குப் பிறகுதான். அந்த டிங் ஸ்பீக்கரில் இல்லை, ஹெட்போனில் இரண்டு காதிலும் சுத்தமாக இருக்கிறது. அப்படியானால் சிப்பும் வால்யூமும் பிழைத்தன. கோளாறு ஹெட்போன் ஜாக்குக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் எங்கேயோ.

கேம் கியர் நேர்மாறு. ஸ்பீக்கரிலும் சரி, ஹெட்போனிலும் சரி, காதோடு ஒட்டி வைத்தால்தான் ஏதோ முனகுகிறது. இரண்டிலும் ஒரே மாதிரி குறைந்தால் ஸ்பீக்கரைச் சந்தேகிக்கவே வேண்டாம்.

நவம்பர் 4

கேம் பாயைத் திறந்தாயிற்று. வெளியே ஆறு ஸ்க்ரூ, அதில் இரண்டு பேட்டரி அறைக்குள். தலை மூன்று சிறகாக இருக்கும், அதற்கான பிட் வேண்டும். சின்ன மைனஸ் ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் தலை வழுக்கிப் போகும், பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டும். உள்ளே இருப்பவை சாதாரண ஸ்டார். இரண்டு பாதியையும் ஒரு ரிப்பன் கேபிள் பிணைக்கிறது. புத்தகம் போல விரிக்காமல், நேராக இழுத்துக் கழற்ற வேண்டும். ஸ்பீக்கர் முன்பாதியில் இருக்கிறது, அதற்கான சத்தம் இந்த ரிப்பன் வழியாகத்தான் போகிறது. ரிப்பன் பாதி உட்கார்ந்தாலும் இதே ஊமைத்தனம்தான். அதனால் முதல் வேலையாகக் கழற்றி, துடைத்து, அழுத்தி மாட்டிப் பார்த்தேன். மாற்றமில்லை.

ஸ்பீக்கரில் மல்டிமீட்டர் 7.6 ஓம்ஸ் காட்டியது. எட்டு ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு ஆறரையிலிருந்து எட்டு வரை வந்தால் உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருளான காயில் உயிரோடு இருக்கிறது. ஒரு கம்பியை எடுத்துவிட்டு, ஒற்றை ஏஏ பேட்டரியை ஒரு கணம் தொட்டேன். "டக்" என்றது, கூம்பும் அசைந்தது. ஒரு கணத்துக்கு மேல் தொடக் கூடாது, மெல்லிய காயில். ஆக ஸ்பீக்கர் நிரபராதி.

குற்றவாளி ஜாக். பிளக் நுழைந்ததும் ஸ்பீக்கரை வெட்டிவிட அதற்குள் ஒரு தகடு இருக்கிறது. பிளக்கை எடுத்த பிறகும் "இன்னும் உள்ளேதான் இருக்கிறது" என்றே அது நினைத்துக்கொண்டிருந்தது. பிளக்கைப் பாதி நுழைத்து ஆட்டினால் ஸ்பீக்கரில் விட்டுவிட்டுக் கரகரத்தது. அது போதும் சாட்சி. திறந்து பார்த்தால் தகட்டில் பச்சைக் களிம்பு. கடற்கரையிலிருந்து சில தெரு தள்ளி முப்பது வருடம் கிடந்தால் வேறென்ன பூக்கும்?

சுத்தம் செய்தது: 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், அவசரத்துக்கு மட்டும். தென்னை ஈர்க்குச்சி நுனியில் பஞ்சை மெல்லிசாகச் சுற்றினால் மூன்றரை மில்லிமீட்டர் துளைக்குள் சரியாகப் போகும். நனைத்துத் துடைத்தேன். பஞ்சு பச்சையாக வந்தது. நான்கு பஞ்சு மாற்றிய பிறகுதான் வெள்ளையாக வந்தது. பிறகு இரண்டு சொட்டு விட்டு, பழைய பிளக் ஒன்றை முப்பது தடவை செருகி எடுத்தேன். பூட்டுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். அன்றைக்கு வேலை செய்யும், அப்புறம் அந்தப் பிசுக்கில் தூசு ஒட்டிப் பழைய கதைதான்.

ஜாக்கின் கால்களில் ஒன்றைச் சுற்றி மோதிரம் போல விரிசல், டிரை சால்டர், அதாவது பற்றவைத்த ஈயம் விட்டுப்போனது. பிளக்கை இழுத்து இழுத்து வருவது. பிளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை) தடவி 60/40 ஈயம் கொஞ்சம் சேர்த்து உருக்கினேன். டிங் வந்துவிட்டது.

நவம்பர் 5

வலப்பக்க வால்யூம் சக்கரம் திருப்பும்போது மட்டும் கரகர. ஆஃப் செய்துவிட்டு நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் இடையே ஓம்ஸ் பார்த்துக்கொண்டே மெதுவாகத் திருப்பினால் எண் சீராக ஏற வேண்டும். நடுவில் தாவினால் அழுக்கு. ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் முடிவிலிக்குப் போனால் கார்பன் பாதை தேய்ந்தே போய்விட்டது, எந்தத் திரவமும் அதை மீட்காது. இதில் தாவல்தான். மூன்று சொட்டு, ஐம்பது சுற்று. சரி.

பேட்டரி ஸ்பிரிங்கில் பொரிந்திருந்த வெள்ளை மாவுக்கு மளிகைக்கடை வினிகர் இரண்டு சொட்டு. நுரை அடங்கியதும் ஆல்கஹால். வினிகரை அப்படியே காயவிட்டால் அதுவே அரிக்கத் தொடங்கும்.

நவம்பர் 7

வீட்டுக்குப் போன கேம் பாயில் "ங்ங்ங்" இரைச்சல் என்று போன். அடாப்டரைக் கழற்றிவிட்டு நான்கு ஏஏ போடச் சொன்னதும் நின்றது. மலிவு அடாப்டர் தருகிற மின்சாரம் சீராக இல்லை. அதற்காகக் கண்டன்சர் (மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கிவைக்கும் உறுப்பு) மாற்றத் தேவையில்லை. படம் மாறும்போது ஹெட்போனில் லேசாக மாறுகிற சீற்றத்தையும் கேட்டார்கள். அது இந்த மாடலோடு பிறந்தது, துரத்தாமல் விடுவது நல்லது.

நவம்பர் 10

கேம் கியர். உள்ளே மூன்று பலகை: மெயின், பவர், சவுண்ட். பிரிப்பதற்கு முன் நான்கு படம். கம்பி எது எங்கே என்பதற்கும், பலகையின் ரிவிஷனுக்கும் (எந்தப் பதிப்பு என்பதற்கும்). ரிவிஷன் மாறினால் கண்டன்சர் மதிப்பும் எண்ணிக்கையும் மாறும். இணையத்தில் கிடைக்கிற பட்டியலை நம்பி வாங்குவதைவிடப் பலகையைப் பார்த்து எழுதிக்கொள்வது மேல். ஆன் செய்த நிலையில் திரைப் பக்கம் விரல் வைக்கக் கூடாது. பின்னால் ஒளிர்வது குட்டி டியூப்லைட், அதை ஓட்ட உயர் வோல்டேஜ்.

சவுண்ட் பலகையில் குட்டித் தகர டப்பா மாதிரி எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள். அடியில் எண்ணெய் வழிந்தது போல மினுமினுப்பு, சுற்றியிருக்கிற ஈயம் மங்கல். பற்றவைக்கிற அயன் நுனி பட்டதும் கருவாட்டு வாசம். டப்பாவுக்குள் இருக்கும் திரவமான எலக்ட்ரோலைட் கசிந்ததன் அடையாளம் அது. அந்தக் காலத்து டப்பாக்களில் இது பொதுவான நோய்.

டப்பாவைக் குறடால் பிடித்துத் திருகிப் பிடுங்குகிறவர்கள் உண்டு. கசிவு அடியில் செம்பை அரித்திருந்தால் பேடும் (கால் ஒட்டியிருக்கும் செம்புத் திட்டு) கூடவே வந்துவிடும். இரண்டு அயன் இருந்தால் இரண்டு காலையும் ஒரே நேரத்தில் சூடேற்றித் தூக்கலாம். ஒன்றுதான் என்றால் பிளக்ஸ் தாராளமாக, புது ஈயம் கொஞ்சம், 330 டிகிரி, இந்தக் கால் அந்தக் கால் என்று மாற்றி மாற்றி. பழைய ஈயம் எலக்ட்ரோலைட்டில் ஊறிப்போய் உருகவே அடம்பிடிக்கும். சூட்டை ஏற்றாமல் ஈயம் சேர்ப்பதுதான் வழி.

கழற்றிய பிறகு அளந்தது: 47 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டதில் 6, 100-இல் 11. பலகையில் இருக்கும்போதே அளந்தால் பக்கத்து உறுப்புகளும் சேர்ந்து பொய் சொல்லும்.

முனகலுக்குக் கணக்கு இதுதான். சத்தம் போகிற வழியில் நிற்கும் கண்டன்சர் 100 மைக்ரோஃபாரட், எதிரே 8 ஓம்ஸ் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த சத்தத்துக்குத்தான் வெட்டு விழும். அதே கண்டன்சர் 10-க்குச் சுருங்கினால் வெட்டு 2,000 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். இசையில் முக்கால்வாசி அதற்குக் கீழே. மிச்சம் கொசு ரீங்காரம்.

நவம்பர் 11

உதிரி எல்லாம் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட் போய்வந்த பையில் இருந்தவை. "கெப்பாசிட்டர்" என்பதைவிடக் "கண்டன்சர்" என்று கேட்டால் அங்கே சீக்கிரம் எடுத்துத் தருகிறார்கள். வோல்டேஜ் பழையதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. உயரம் பார்த்து வாங்க வேண்டும், உயரமாக இருந்தால் மூடி மூடாது. கால் நீண்ட சாதாரண ரகத்தைப் படுக்கவைத்துப் பற்றவைக்கலாம். உறுத்தாமல் உட்காரும் இடம் இருக்கிறதா என்று பின்மூடியை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஈயம்.

எலக்ட்ரோலிட்டிக்குக்குப் பதில் டேன்டலம் என்ற வேறு ரகக் கண்டன்சர் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எலக்ட்ரோலிட்டிக் டப்பாவில் கறுப்புப் பட்டை மைனஸ். டேன்டலம் சிப்பில் கோடு இருக்கும் பக்கம் பிளஸ். பழக்க தோஷத்தில் திருப்பிப் போட்டால் ஆன் செய்ததும் புகைந்து வெடிக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் எலக்ட்ரோலிட்டிக்கோடு நிற்கிறேன்.

புதியதைப் போடுவதற்கு முன் பலகையை ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷும் வைத்து இரண்டு முறை தேய்த்தேன். இதை விட்டுவிட்டால் மிச்சக் கசிவு புதுக் கால்களையும் தின்னும். மழைக்கால ஈரத்தில் இன்னும் வேகமாக.

நவம்பர் 13

ஒரு பேட் பெயர்ந்துவிட்டது. அரிப்பு நினைத்ததைவிட ஆழம். பச்சைப் பூச்சைப் பிளேடால் மெதுவாகச் சுரண்டிச் செம்புப் பாதையைத் தேடினேன், இரண்டு மில்லிமீட்டர் தள்ளி நல்ல செம்பு. அங்கிருந்து எனாமல் கம்பி ஒரு இழை. நுனி எனாமலை ஈயக் குமிழில் பிடித்து உருக்கியபின் பற்றவைத்து, இணைப்பு விடாமல் இருக்கிறது என்று மல்டிமீட்டர் எழுப்பும் கன்டினியூட்டி பீப் கேட்டு, அசையாமலிருக்கப் பசை ஒரு துளி.

ஆன். ஸ்பீக்கரில் சத்தம் நிரம்ப வந்தது. ஹெட்போனில் இடது காது மட்டும்.

இங்கேதான் பலபேர் சரியாகிவிட்டது என்று மூடிவிடுவார்கள். ஸ்பீக்கர் ஒற்றை, அதில் எல்லாம் சரியாகவே தெரியும். ஸ்டீரியோ ஹெட்போனில் மட்டும்தான். வலது வழியில் பீப் வைத்துப் போனதில் ஜாக் காலில் விரிசல், கேம் பாயில் பார்த்த அதே மோதிரம். உருக்கியதும் இரண்டு காதும் வந்தன.

நவம்பர் 15, சனி

கடைசிச் சோதனை, ஆறு ஏஏ போட்டு ஒரு மணி நேரம். மூன்று சுரமும் ஒரு இரைச்சலும் சேர்ந்ததுதான் இதன் சத்தம். அதனால் வெடிச்சத்தம் வருகிற இடம் வரை விளையாடி, இரைச்சல் தனியாகக் கேட்கிறதா என்றும் பார்த்தேன். வால்யூமைக் கடைசி வரை ஏற்றியபோது ஸ்பீக்கர் ஜரஜரவென்று அதிர்ந்தது. காந்தத்தின் ஓரத்தில் இரும்புத் தூள். செல்லோ டேப்பின் ஒட்டும் பக்கத்தால் ஒற்றி எடுத்ததும் அதிர்வு நின்றது. பவர் பலகையில் இருக்கும் டப்பாக்களுக்கும் அதே வயது, அதே மினுமினுப்பு. அவற்றின் மதிப்பை எழுதிவைத்துக்கொண்டேன். உரிமையாளர் சம்மதித்தால் அடுத்த வாரம் அவையும்.