மீன் கடைப் பூனை

இன்னைக்கு காலைல மீன் வாங்க நிக்கிறேன், கடைக்கார அக்கா குச்சிய வச்சிக்கிட்டு தெருப்பக்கமே பாத்துட்டு இருக்காங்க, ஆனா பூனை ஏற்கனவே பலகைக்கு அடியில உக்காந்திருக்கு. டப்புனு ஒரு மத்தி போச்சு. "எந்தப் பக்கம்யா வந்துச்சு?"னு அக்கா தெருவுல தேடுறாங்க.

எனக்கு ரெண்டாம் உலகப் போர் நேரத்து 1940 அட்லாண்டிக் கடல்தான் ஞாபகம் வந்துச்சு (நான் அப்படித்தான், விடுங்க).

காவல் கப்பலெல்லாம் கான்வாயச் (கூட்டமா சேந்து போற சரக்குக் கப்பல்கள) சுத்தி வெளிய எதிரி நீர்மூழ்கியத் தேடும். ஜெர்மன்காரன் க்ரெட்ச்மர் தன்னோட நீர்மூழ்கி யு-99ஐ ராத்திரில தண்ணிக்கு மேலயே ஓட்டிட்டு கப்பல் வரிசைக்கு நடுவுலயே பூந்துடுவான். தண்ணிக்கு அடியில தேடுற சோனாருக்கு மேல மிதக்குறது சிக்காது, இருட்டுல அந்த சின்ன கோபுரமும் கண்ணுக்குத் தெரியாது. கிட்ட போய் ஒரு கப்பலுக்கு ஒரு டார்பிடோ, அவ்ளோதான் கணக்கு. 1941 மார்ச்ல மாட்டிக்கிட்டான், ஆனா அந்த வித்தை நிக்கல.

1942ல லிவர்பூல்ல பிரிட்டிஷ் கடற்படை கேப்டன் ராபர்ட்ஸும் சில இளம் பெண்களும் தரையில சாக்பீஸ்ல கோடு போட்டு விளையாடிப் பாத்துதான் கண்டுபிடிச்சாங்க, அடிக்கிறவன் உள்ளதான் இருக்கான், பின்பக்கமா வர்றான், அடிச்சிட்டு ஆழத்துக்குப் போய் கான்வாய் தாண்டுற வரைக்கும் சும்மா கெடக்கான்னு. நீர்மூழ்கி கோட்டுக்கு பச்சை சாக்பீஸ். காவல் கப்பலா விளையாடுறவங்க திரைக்குப் பின்னாடி சின்ன ஓட்டை வழியா எட்டிப் பாப்பாங்க, அவங்களுக்கு அந்தப் பச்சை மட்டும் தெரியாது.

அக்காகிட்ட பலகைக்கு அடியில பாருங்கன்னு சொல்லிருக்கலாம். சொல்லல. பூனை பாதி மத்திதான் தின்னிருந்துச்சு.