சாவி பேசவில்லை, சைரன் நிற்கவில்லை

சாவி துவாரமே இல்லாத இருசக்கர வண்டி. பையில் ஸ்மார்ட் கீ, அதாவது நுழைத்துத் திருகாமல் ரேடியோ அலையிலேயே வண்டியோடு பேசும் சாவி இருக்கிறது, இக்னிஷன் பட்டனை அழுத்தினால் சாவிக் குறி மட்டும் மினுக்கிவிட்டு அணைந்துவிடுகிறது. இந்த இடத்தில் பலரும் செய்வது, ரிமோட்டைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்ப்பது. அதில் பயனில்லை. பட்டன் உள்ள ரிமோட்களில் ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு புதிய எண் போகிறது. வண்டிக்கு எட்டாத தூரத்தில் நின்று நிறைய முறை அமுக்கினால் ரிமோட்டின் கணக்கு முன்னே ஓடிவிடும், வண்டியின் கணக்கு பின்தங்கிவிடும். இருக்கிற சிக்கலோடு இதுவும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் சாவியை மற்ற பொருள்களிடமிருந்து பிரியுங்கள். மொபைல், பவர் பேங்க், வயர்லெஸ் இயர்போன் பெட்டி, உலோக டப்பா எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அதே வண்டிக்குப் பதிந்த இன்னொரு சாவி இருந்தால் அதையும் தள்ளி வையுங்கள். பிறகு ஒரே ஒரு முறை முயலுங்கள். செல்பேசிக் கோபுரத்துக்கோ ஒலிபரப்பு நிலையத்துக்கோ அருகே நிறுத்தியிருந்தால், வண்டியைச் சில மீட்டர் தள்ளிக்கொண்டு போய் முயல்வதும் பல நேரம் பலிக்கும்.

ஏன் என்று தெரிந்துகொண்டால் அடுத்து செய்வதெல்லாம் எளிது. பட்டனை அழுத்தியதும் வண்டி, 125 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய தாழ்ந்த அலைவரிசையில் சாவியைக் கூப்பிடுகிறது. இந்தக் கூப்பாடு ஏறக்குறைய ஒரு மீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மீட்டர் வரைதான் எட்டும். அதைக் கேட்ட சாவி 433 மெகாஹெர்ட்ஸில் (சில நாடுகளில் 315) பதில் சொல்கிறது. கேட்பதற்காகச் சாவி எப்போதும் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அதனால்தான் தொடாமலே மேசையில் கிடந்தாலும் அதன் செல் தேய்கிறது. பதில் சொல்லும் அந்தக் கணத்தில்தான் மின்சாரம் அதிகம் தேவைப்படும். செல் தளர்ந்த சாவிக்குக் கேட்க முடியும், பதில் சொல்லத்தான் முடியாது. காலைக் குளிரில் வேலை செய்யாமல், வெயில் ஏறியதும் வேலை செய்கிற சாவியைக் கண்டால் சந்தேகமே வேண்டாம், செல்தான். குளிரில் செல்லின் உள்தடை கூடிவிடும்.

செல் முழுவதும் செத்தாலும் வழி உண்டு. பெரும்பாலான ஸ்மார்ட் கீக்குள் பேட்டரியே தேவைப்படாத சிறிய சிப் ஒன்று தனியாக இருக்கிறது. வண்டியில் ஓரிடத்தில் வளைய ஆன்டெனா இருக்கும். அதன் மேல் சாவியைப் படுக்கையாக ஒட்டி வைத்தால், அந்த வளையத்தின் காந்தப்புலமே சிப்புக்கு மின்சாரம் கொடுத்துவிடும். இடம் வண்டிக்கு வண்டி மாறும்: சிலவற்றில் மீட்டருக்கு அருகே, சிலவற்றில் சீட்டுக்குக் கீழே, சிலவற்றில் பின் மட்கார்டு பக்கம். ஓரிரு சென்டிமீட்டர் விலகினாலும் எடுக்காது. வளையத்தில் கோத்திருக்கும் மற்ற சாவிகளைக் கழற்றிவிட்டு, ஒரு கையால் பிடித்தபடியே இக்னிஷனைப் போட வேண்டும். எல்லாம் ஒழுங்காக இருக்கும் ஒரு நாளில், நல்ல செல்லைக் கழற்றி வைத்துவிட்டு இதை ஒருமுறை செய்து பாருங்கள். இருட்டில், மழையில், கையேடு இல்லாத இடத்தில் அந்தப் புள்ளியைத் தேடுவது பெரிய பாடு.

எண் கேட்கும் வண்டிகள் வேறு வகை. ஹார்லி டேவிட்சனில் ஐந்து இலக்க பின் (PIN) எண்ணை இண்டிகேட்டர் சுவிட்சுகளை வைத்தே உள்ளிட வேண்டும். வேறு சிலவற்றில் சாவியோடு தந்த சிறு அட்டையில் எண் இருக்கும். அந்த அட்டையைப் பலரும் சீட்டுக்கு அடியில் வைக்கிறார்கள், அது தவறு. திருடனுக்கும் அங்கேதான் கை போகும், சாவி வேலை செய்யாத நாளில் உங்களுக்கு சீட்டே திறக்காது. அவசரத்துக்கான உலோகச் சாவியும் அப்படித்தான், வண்டிக்குள் இருந்தால் அது இல்லாததற்குச் சமம்.

செல் மாற்றுவது ஐந்து நிமிட வேலை, ஆனால் கெடுப்பதற்கும் ஐந்து நிமிடம் போதும். பெரும்பாலான சாவிகளில் இருப்பது சிஆர் 2032. 20 என்பது மில்லிமீட்டரில் விட்டம், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025 அதே விட்டம்தான், தடிமன் 2.5. கடையில் 'அது இல்லை, இது போதும்' என்று 2025-ஐக் கொடுத்தால் வாங்காதீர்கள். முதல் நாள் வேலை செய்யும், பிறகு மேடு பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் தொடுமுனை விட்டுவிட்டுச் சேரும். வாசலில் நின்ற வண்டியில் நன்றாக இருந்துவிட்டுப் பயணத்தின் நடுவில் சாவிக் குறி எரிந்தால், பல சமயம் காரணம் இதுதான்.

உறையை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். அதற்கென விட்டிருக்கும் பள்ளத்தில் துணி சுற்றிய நாணயத்தை வைத்துத் திருகினால் பிளவு தானாக வரும். திறந்ததும் எந்தப் பக்கம் பிளஸ் மேலே இருக்கிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். செல்லை விளிம்பில் பிடியுங்கள். விரல் எண்ணெய் இரண்டு முகத்திலும் படிந்தால் தொடர்பு தளரும், பட்டுவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிடலாம். சில செல்களில் குழந்தைகள் விழுங்காமல் இருக்கக் கசப்புப் பூச்சு உண்டு. சில சாவிகளில் அந்தப் பூச்சே தொடுமுனைக்குத் தடையாகிறது, பூச்சில்லாத செல் போட்டால் சரியாகிவிடும். உள்ளே இருக்கும் பித்தளை நிற நாக்கு தட்டையாகிப் போயிருந்தால் பல்குத்தியால் இம்மியளவு தூக்கிவிடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ரப்பர் வளையம் தன் பள்ளத்தில் முழுக்க உட்கார்ந்த பிறகே மூட வேண்டும். அது முறுக்கிக்கொண்டால் அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே. செல்லைக் கழற்றினால் வண்டியோடு சாவிக்கு உள்ள பதிவு அழிந்துவிடுமோ என்ற பயம் பெரும்பாலும் தேவையில்லை. அது செல் இல்லாமலே நிலைக்கும் நினைவகத்தில் இருக்கிறது. கழற்றிய பழைய செல்லை அங்கேயே விட்டுவிடாதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும்.

மல்டிமீட்டரில் 3 வோல்ட் காட்டுகிறதே என்று பழைய செல்லையே திரும்பப் போடுவது வழக்கமான தவறு. லித்தியம் செல் சாகும் தறுவாய் வரை சும்மா அளந்தால் 3 வோல்ட்டை ஒட்டியே காட்டும். ஒரு 270 ஓம் ரெசிஸ்டரை இரண்டு முனைக்கும் நடுவே ஓரிரு நொடி வைத்துக்கொண்டே அளந்து பாருங்கள். நல்ல செல் 2.7-க்கு மேல் நிற்கும். தளர்ந்தது 2.5, 2.4 என்று கண்ணெதிரே இறங்கும். அளக்க வசதியில்லாதவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடலாம். செல்லின் விலைக்கு அது பெரிய நிம்மதி.

இனி வண்டியின் பேட்டரி. அலாரம் காரணமில்லாமல் கத்துகிறது என்று வருகிற புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது சென்சாரை அல்ல, இதைத்தான். ஓய்வில் 12.6 முதல் 12.8 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் கால் பங்கு போய்விட்டது. 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். தளர்ந்த பேட்டரியில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது வோல்டேஜ் 10-க்குக் கீழே விழும், அலாரம் மாட்யூல் ரீசெட் ஆகும், யாரோ வயரை அறுத்துவிட்டார்கள் என்று நினைத்துக் கத்தும்.

அலாரமே பேட்டரியைத் தின்பதும் உண்டு. கணக்குப் போடுவோம். நிற்கும்போது 5 மில்லிஆம்பியர் எடுத்தால் நாளுக்கு 0.12 ஆம்பியர் மணி. 10 ஆம்பியர் மணி பேட்டரியில் ஒரு மாதத்துக்கு 3.6 போய்விடும். கூடவே ஜிபிஎஸ் டிராக்கரும் சேர்ந்து 15 மில்லிஆம்பியர் ஆனால், அதே 3.6 பத்தே நாளில் காலி. மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால் வண்டி எடுக்காததற்கு வேறு விளக்கம் தேவையில்லை. வண்டியை அப்படி நிறுத்துகிறவர்கள் தானாக நிறுத்திக்கொள்ளும் மெயின்டனன்ஸ் சார்ஜரை மாட்டிவிட்டுப் போவது நல்லது.

உண்மையில் எவ்வளவு எடுக்கிறது என்று அளக்கும்போது மீட்டரின் ஃபியூஸ் போய்விடாமல் இருக்க ஒரு வழி உண்டு. முதலில் அலாரத்தை அணையுங்கள். அணைக்காமல் வயரைக் கழற்றினால், சொந்தப் பேட்டரி உள்ள சைரன் கத்தத் தொடங்கிவிடும். நெகட்டிவ் வயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரி முனைக்கும் நடுவே கிளிப் வைத்த ஒரு துண்டு வயரைப் பாலமாகப் போடுங்கள். மில்லிஆம்பியரில் வைத்த மீட்டரை அந்தப் பாலத்துக்கு இணையாக மாட்டுங்கள். இப்போது அலாரத்தைப் போட்டுவிட்டு, சாவியைத் தூரமாக அனுப்பிவிட்டு, பத்து நிமிடம் வண்டியைத் தூங்க விடுங்கள். பிறகு பாலத்தை எடுத்தால் மீட்டர் உண்மையைச் சொல்லும். இக்னிஷனைத் தொடுவதற்கு முன் பாலத்தைத் திரும்பப் போட மறக்கக் கூடாது.

பேட்டரி சரியாக இருந்தும் கத்தினால் அப்போது சென்சார். தார்ப்பாய் காற்றில் படபடப்பது, சைடு ஸ்டாண்டு மென்மையான மண்ணில் மெல்ல அமிழ்ந்து வண்டி சாய்வது, கனரக வாகனங்கள் போகும் சாலையோரம், இவை மூன்றும் எப்போதும் வரும் காரணங்கள். ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு தட்டைப் பலகை வைப்பதாலேயே பாதி இரைச்சல் அடங்கும். உணர்திறனைக் குறைக்கும்போது ஒரு படி குறைத்து, சீட்டில் உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள், பிறகு ஹேண்டிலைப் பிடித்து வண்டியை நிமிர்த்திப் பாருங்கள். தட்டுக்குச் சும்மா இருந்து, நிமிர்த்தினால் கத்துவதே சரியான அளவு. லாரியிலோ படகிலோ ஏற்றுவதற்காக, அசைவுக்குக் கத்தாமல் இருக்கும் டிரான்ஸ்போர்ட் மோடு பல வண்டிகளில் இருக்கும், அதைப் போட்டுவிட்டு ஏற்றுங்கள்.

டிஸ்க் லாக் அலாரம், அதாவது பிரேக் டிஸ்கில் மாட்டும் சைரன் பூட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். பலவற்றில் எல்ஆர் 44 என்ற சிறு பொத்தான் செல்கள் ஆறு இருக்கும். மாற்றினால் ஆறையும் சேர்த்தே மாற்றுங்கள். பூட்டையும் ஹேண்டிலையும் இணைக்கும் நிறமுள்ள நினைவூட்டுக் கயிறு கட்டாயம். பூட்டை மறந்து வண்டியை நகர்த்தினால் டிஸ்கைக் கவ்வும் காலிப்பரும் டிஸ்கும் அடிவாங்கும்.

வெளியில் வாங்கி மாட்டும் மலிவு அலாரங்களில் எனக்கு உடன்பாடில்லாதது இரண்டு. ஒன்று, ரிமோட் ஸ்டார்ட். நியூட்ரல் சுவிட்ச் வழியாக இணைக்காவிட்டால், கியரில் நிற்கும் வண்டி பட்டன் அமுக்கியதும் முன்னே பாயும். மற்றது, இக்னிஷனை அறுக்கும் ரிலே. வயரைக் கடித்துப் பிடிக்கும் மலிவு கிளிப்பால் அதை இணைத்தால், அதிர்வில் தளர்ந்து ஓடும்போதே என்ஜின் நின்றுவிடும். மாட்டத்தான் வேண்டும் என்றால் சால்டர் செய்து, சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள், பிளஸ் வயரில் பேட்டரிக்கு மிக அருகே ஃபியூஸ் வையுங்கள். கேன் பஸ், அதாவது வண்டியின் மின்னணுப் பாகங்கள் ஒன்றோடொன்று பேசும் பொது வயர் இணைப்பு உள்ள வண்டிகளில் இண்டிகேட்டர் வயரை வெட்டாதீர்கள், அந்த மாடலுக்கென்றே விற்கும் கனெக்டர் செட்டை வாங்குங்கள்.

சாவியை வீட்டில் எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். வாசல் கதவருகே மாட்டினால், கதவுக்கு வெளியே ஒருவன், வண்டியருகே ஒருவன் என்று இரண்டு கருவிகளை வைத்துச் சாவியின் குரலை நீட்டித் திருட முடியும். வண்டியை ஒட்டி ஒரு மீட்டருக்குள் சாவி கிடந்தாலோ திருடனுக்குக் கருவிகூடத் தேவையில்லை. சிக்னலைத் தடுக்கும் உறை வாங்கினால், சாவியை உள்ளே போட்டு வண்டிக்கு அருகே நின்று இக்னிஷனை அழுத்திப் பாருங்கள். வண்டி எழுந்தால் அந்த உறை உதவாது. மடிப்பில் கிழிந்துபோவதால் இந்தச் சோதனையை அவ்வப்போது செய்ய வேண்டும். சில சாவிகளில் பட்டனை நீண்ட நேரம் அமுக்கினால் சாவியே அணைந்துவிடும், இருந்தால் அதுவே சிறந்தது.

இன்னொன்று, ஓடும்போது சாவி கீழே விழுந்தால் என்ஜின் நிற்காது, எச்சரிக்கை மட்டும் வரும். சாவி உங்கள் பின்னால் இருப்பவரின் பையில் இருக்க, அவரை இறக்கிவிட்டுப் போனாலும் இதேதான். பெட்ரோல் போட அணைத்ததும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். வண்டி எச்சரித்தால் அணைக்காமல் திரும்பிப் போய் சாவியைத் தேடுங்கள்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் எல்லாச் சாவிகளையும், பின் எண்ணையும், அட்டையையும் கேட்டு வாங்க வேண்டும். சாவி துவாரமுள்ள யமஹா மாடல்கள் பலவற்றில் சிவப்புத் தலைச் சாவி ஒன்று வரும். புதிய சாவி பதிய அதுதான் தேவை. அது தொலைந்தால், பதிந்த சாவி இல்லாமல் என்ஜினை எடுக்க விடாத இம்மொபிலைசர் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். இரண்டு சிப் சாவிகளை ஒரே வளையத்தில் கோக்காதீர்கள், ஒன்றின் பதில் மற்றதைக் கெடுக்கும். சர்வீஸ் மையத்தில் எத்தனை சாவிகள் பதிவாகியிருக்கின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். கையில் இரண்டு இருக்க, மூன்று என்று காட்டினால், இருக்கும் இரண்டையும் கொண்டுபோய் மீண்டும் பதியச் செய்து மூன்றாவதை அழித்துவிட்டுத்தான் வண்டியை வெளியே எடுக்க வேண்டும்.