ஜெர்மனி எக்ஸ்சேஞ்ச் செமஸ்டர்: போஹும் நகரில் என் முதல் சில மாதங்கள்

எக்ஸ்சேஞ்ச் செமஸ்டருக்கு ஜெர்மனி கிளம்பும் ஜூனியர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் குளிரைப் பற்றியும் ஜாக்கெட்டைப் பற்றியும்தான். நான் முதலில் சொல்வது வேறு. அறைச் சாவி கைக்கு வந்ததும் கீழே போய், தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டிவிடுங்கள். அங்கே முகவரியில் தெருப் பெயரும் கட்டட எண்ணும்தான் இருக்கும். ஃபிளாட் எண் பெரும்பாலும் இருக்காது. பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதம் போடுவார். பெயர் இல்லாவிட்டால் வந்த கடிதம் வந்த வழியே திரும்பிவிடும்.

நான் படித்தது ரூர் பல்கலைக்கழகத்தில், அக்டோபரில் தொடங்கும் குளிர்கால செமஸ்டர். மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் ஃபிளாட்டில் ஓர் அறை கிடைத்தது. பாஸ்போர்ட்டில் சர்நேம் இடத்தில் அப்பா பெயர் இருப்பதால், பெட்டியிலும் அழைப்பு மணியிலும் அப்பா பெயரையே ஒட்டினேன். அடுத்தடுத்து வந்தன கடிதங்கள். வங்கி அட்டை ஒரு கவரில், அதன் பின் நம்பர் தனியாக வேறொரு நாளில். பிறகு காப்பீட்டு அட்டை, வரி எண். எல்லாம் தபாலில்தான்.

இதற்கெல்லாம் அடிப்படை அன்மெல்டுங் எனப்படும் முகவரிப் பதிவு. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் செய்ய வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது. இன்னார் இந்தத் தேதியில் குடிவந்தார் என்று வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தனிப் படிவம் வேண்டும். அதைச் சாவி வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். ஆன்லைனில் அப்பாயின்ட்மென்ட் இல்லையென்று காட்டினால் சோர்ந்துவிட வேண்டாம். யாராவது ரத்து செய்தால் இடம் திறக்கும், காலையில் எழுந்ததும் பாருங்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

விசாவுக்காக ‘பிளாக்டு அக்கவுண்ட்’ எனப்படும் முடக்கப்பட்ட கணக்கில் முன்பே போட்டு வைத்த பணம் மாதம் 992 யூரோவாகத்தான் கைக்கு வரும். அதுவும் அங்கே நடப்புக் கணக்கு திறந்த பிறகுதான். ஆகவே முதல் மாத வாடகைக்கும் அட்வான்ஸுக்கும் வேண்டிய பணத்தைத் தனியாக எடுத்துப் போங்கள். வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதமும் வரும். டிவி இல்லையே என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், டிவி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டியதுதான். ஆனால் அது ஒரு வீட்டுக்கு ஒன்று. எங்கள் ஃபிளாட்டில் ஏற்கெனவே ஒருவர் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கட்டணக் கணக்கு எண்ணை எழுதி அனுப்பினேன், எனக்குத் தனியாகக் கட்ட வேண்டியிருக்கவில்லை. தொகையை மூவரும் பங்கு போட்டுக்கொண்டோம்.

வகுப்புக்குப் போவது சுலபம். ரயில் நிலையத்திலிருந்து யு35 என்ற நகர ரயிலில் ஏறினால் பல்கலைக்கழக வாசலிலேயே இறங்கலாம். பயணச் சீட்டு செமஸ்டர் கட்டணத்திலேயே அடக்கம். நேரத்துக்குப் பக்கத்தில் சி.டி. என்று போட்டிருந்தால் வகுப்பு கால் மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். முடிந்ததும் எல்லோரும் விரல் மடக்கி மேசையைத் தட்டுவார்கள். அதுதான் அவர்கள் கைதட்டல்.

வீட்டுக்குள் பழகத்தான் எனக்கு நாளானது. குப்பையை எப்படிப் பிரிப்பது என்று ஃபிளாட்மேட் ஒரு சாயங்காலம் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்தாள். தயிர் டப்பாவின் அலுமினிய மூடியை முழுசாகக் கிழித்தெடுத்து, இரண்டையும் தனித்தனியாக மஞ்சள் தொட்டியில் போட வேண்டும். காய்கறித் தோல் பழுப்புத் தொட்டிக்கு, காகிதம் நீலத்துக்கு. கண்ணாடிப் பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் போடலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூடாது. அன்று சத்தம் எழுப்பக் கூடாது, கடைகளும் திறக்காது. சனிக்கிழமையே பால், காய்கறி வாங்கி வைத்தால்தான் உண்டு. சோறு வடித்து, சாம்பார் கொதிக்க வைக்கும் நம்மைப் போன்றவர்கள் குளிரிலும் ஜன்னலை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்றோட்டம் விட வேண்டும். இல்லையென்றால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், அதற்கான செலவு நம் தலையில் விழும்.

எனக்குத் தெம்பு தந்தது ஈழத் தமிழர் நடத்தும் மளிகைக் கடை. கறிவேப்பிலை, முருங்கைக்காய், குத்தரிசி எல்லாம் அங்கே உண்டு. "தங்கச்சி, இந்தியாவில எந்த இடம்? தனியாவோ இருக்கிறீங்கள்?" என்று அந்த அக்கா கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஹாம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது என்று சொல்லி, எந்த ரயில் ஏற வேண்டும் என்று எழுதிக் கொடுத்ததும் அவர்தான். கோபுரத்தோடு எழுப்பிய கோயில், 2002-இல் குடமுழுக்கு நடந்தது. ஊர் ஞாபகம் வாட்டும்போது போய் வாருங்கள்.

திரும்பும்போது மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. வந்ததும் பதிந்த முகவரியைக் கிளம்பும் முன் நீக்க வேண்டும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே செய்யலாம். அந்தச் சான்றிதழை வாங்கி ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்; காப்பீட்டை நிறுத்தும்போது கேட்டால் உடனே அனுப்பலாம். வங்கிக் கணக்கை மட்டும் அட்வான்ஸ் பணம் திரும்பி வரும்வரை மூட வேண்டாம்.