ஃபெடரல் கைதியின் ஆட்கொணர்வு மனு: எந்தக் கோர்ட்டில் போடுவது?

அமெரிக்க ஃபெடரல் சிறையில் இருப்பவருக்காக மனு எழுத உதவி கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது இதுதான்: எதை எதிர்க்கிறீர்கள்? தீர்ப்பையா, தண்டனை கழிகிற விதத்தையா?

தீர்ப்பிலோ தண்டனையிலோ கோளாறு, வக்கீல் ஒழுங்காக வாதாடவில்லை என்பதெல்லாம் அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 28-ஆம் தலைப்பில் உள்ள 2255-ஆம் பிரிவு. தண்டனை விதித்த மாவட்ட நீதிமன்றத்துக்கே அது போகும். கட்டணம் இல்லை. கெடு பொதுவாக ஓராண்டு. மேல்முறையீடு செய்யாதவருக்குத் தீர்ப்பு பதிவாகி 14 நாள் கழிந்ததும் அந்த ஓராண்டு ஓடத் தொடங்கும்.

நன்னடத்தை நாள்களை வெட்டிவிட்டார்கள், முன்பு காவலில் இருந்த நாள்களைக் கழிக்கவில்லை, 2018-ஆம் ஆண்டு ‘ஃபர்ஸ்ட் ஸ்டெப்’ சட்டப்படி சேர வேண்டிய சலுகை நாள்களைச் சேர்க்கவில்லை என்றால் அதே தலைப்பின் 2241-ஆம் பிரிவு. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வழக்கு நடந்த ஊர் இதற்குப் பொருட்டே இல்லை. மனு போடும் அன்று ஆள் எந்தச் சிறையில் இருக்கிறாரோ, அந்த மாவட்ட நீதிமன்றம்தான். மன்ஹாட்டனில் தண்டனை பெற்று ஃபோர்ட் டிக்ஸ் சிறையில் இருப்பவர் நியூ ஜெர்சியில் போட வேண்டும். எதிர்மனுதாரர் அந்தச் சிறையின் வார்டன். ‘அமெரிக்க ஐக்கிய நாடுகள்’ என்று எழுதுவது 2255-க்கு உரியது. 2004-இல் ஹோசே பதியா என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொன்னது: ஆள் தென் கரோலினா கடற்படைச் சிறையில், மனு நியூயார்க்கில், செல்லாது என்றுவிட்டார்கள்.

மாநிலத்தின் பெயரை மட்டும் பார்த்து அனுப்பாதீர்கள். டெக்ஸஸிலும் கலிஃபோர்னியாவிலும் நான்கு நான்கு ஃபெடரல் மாவட்டங்கள் உண்டு. சிறை எந்தக் கவுன்டியில் இருக்கிறது என்று பார்த்து மாவட்டத்தை உறுதிசெய்யுங்கள். லாம்பாக் சிறை என்றால் மத்திய கலிஃபோர்னியா, போமான்ட் சிறை என்றால் கிழக்கு டெக்ஸஸ். தவறான இடத்தில் விழுந்த மனுவை நீதிமன்றம் சரியான இடத்துக்கு மாற்றலாம், தள்ளுபடியும் செய்யலாம். மாற்றியே தீருவார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம்.

2241-க்கு முன் சிறைக்குள்ளேயே முறையிட்டு முடிக்க வேண்டும். முதலில் பிபி-8 என்ற படிவத்தில் பேச்சுவழித் தீர்வு. பிறகு சம்பவம் நடந்த 20 நாளுக்குள் வார்டனுக்கு பிபி-9, அவர் பதிலுக்குப் பின் 20 நாளுக்குள் மண்டல அலுவலகத்துக்கு பிபி-10, அங்கிருந்து 30 நாளுக்குள் வாஷிங்டன் தலைமை அலுவலகத்துக்கு பிபி-11. ஒழுங்கு விசாரணை அதிகாரியின் முடிவை எதிர்த்தால் நேரே பிபி-10. எல்லாப் பதில்களின் நகலையும் மனுவோடு இணைப்பது நல்லது. படிகளை முடிக்கவில்லை என்பதுதான் அரசு வக்கீல் எடுக்கும் முதல் ஆயுதம்.

‘2255 தோற்றது, 2241-இல் போட்டுப் பார்ப்போம்’ என்ற பழைய வழி 2023-இல் உச்ச நீதிமன்றத்தின் ஜோன்ஸ் எதிர் ஹென்ட்ரிக்ஸ் தீர்ப்போடு பெரும்பாலும் அடைபட்டது. இரண்டாம் முறை 2255 போட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அதுவும் புதிய ஆதாரமோ, முன்தேதியிட்டுச் செல்லும் புதிய அரசியல் சாசன விதியோ இருந்தால்தான். கடும் நோய் போன்ற காரணங்களுக்காகத் தண்டனையைக் குறைக்கக் கேட்கும் கருணை விடுதலை தனிப் பாதை: வார்டனிடம் கேட்டு 30 நாள் ஆனதும் தண்டனை விதித்த நீதிமன்றத்தில் போடலாம்.

2241-க்கான படிவம் ஏஓ 242, கட்டணம் 5 டாலர். அதுவும் இயலாதவர் சிறைக் கணக்குச் சான்றோடு விலக்குக் கேட்கலாம். சரியான மாவட்டத்தில் பதிவான பிறகு ஆளை வேறு சிறைக்கு மாற்றினால், பொதுவாக அதிகாரம் அந்த நீதிமன்றத்திடமே நிற்கும். ஆனால் புது முகவரியை உடனே எழுத்தில் தெரிவிக்காவிட்டால் உத்தரவுகள் பழைய சிறைக்கே போகும், பதில் வரவில்லை என்று வழக்கையே மூடிவிடக்கூடும்.