போனைப் பிடுங்க மாட்டீங்கன்னா சொல்றோம் மிஸ்

ஒன்பதாம் வகுப்பில் எப்போதும் முதல் பெஞ்சில் உட்காரும் ஒரு பெண் திடீரென்று கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். கணக்கில் கெட்டிக்காரி. என்னம்மா ஆச்சு என்று கேட்டேன். ஒன்றுமில்லை மிஸ் என்றாள். நானும் விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து அவளுடைய தோழிதான் ஸ்டாஃப் ரூம் வாசலில் தயங்கித் தயங்கி நின்று விஷயத்தைச் சொன்னாள். யாரோ அவள் படத்தை டிபியாக வைத்து இன்ஸ்டாகிராமில் ஃபேக் ஐடி ஆரம்பித்திருக்கிறார்கள். அதிலிருந்து வகுப்புப் பையன்களுக்கு அசிங்கமான மெசேஜ் போகிறது. பள்ளியில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கிறது. ஆசிரியர்கள் ஒருவருக்கும் தெரியாது.

தனியாக உட்காரவைத்துப் பேசினேன். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வீட்டுல சொன்னா போனைப் பிடுங்கிடுவாங்க மிஸ். அப்புறம் பள்ளிக்கூடத்தையே நிறுத்திடுவாங்க."

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் எங்கள் பள்ளியில் இணையப் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் அக்கறையோடு பேசினார்கள். புரொஜெக்டரில் படம் காட்டினார்கள், எல்லோரும் உறுதிமொழி எடுத்தோம். இந்தப் பெண்ணும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது. ஆபத்து எது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. சொன்னால் தண்டனை தனக்குத்தான் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றி நாங்கள் யாரும் வாய் திறக்கவே இல்லை.

ஐடியை ரிப்போர்ட் செய்தோம், அவள் அம்மாவை வரவழைத்துப் பேசிப் புகாரும் கொடுத்தோம். ஐடி போனது, அவளும் முதல் பெஞ்சுக்குத் திரும்பினாள். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. எட்டு, ஒன்பது வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, பெயர் போடாமல், போனில் பயந்த ஒரு சம்பவத்தை எழுதச் சொன்னேன். அன்று இரவு அந்தச் சீட்டுகளைப் படித்து முடித்தபோது பதினோரு மணி தாண்டிவிட்டது.

ஃப்ரீ ஃபயர் கேமில் டைமண்ட் இலவசமாகத் தருகிறேன் என்று சொன்னவனிடம் அப்பாவின் ஜிமெயில் பாஸ்வேர்டைக் கொடுத்தவன் இருந்தான். தெரியாத நம்பரிலிருந்து வந்த வீடியோ காலை எடுத்துவிட்டு நான்கு நாள் தூங்காதவன் இருந்தான். டியூஷன் குரூப்பில் ஒருவன் தன் நிறத்தைக் கேலி செய்து போட்ட ஸ்டிக்கரை இன்னும் மறக்க முடியவில்லை என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். ஒரு சீட்டில் ஒரே வரி: "போனைப் பிடுங்க மாட்டீங்கன்னா சொல்றோம் மிஸ்."

அந்தச் சீட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இனி இந்த விழிப்புணர்வு வேலையைப் பிள்ளைகளை வைத்துத்தான் செய்ய வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

பன்னிரண்டு பேர் கொண்ட குழு. ரேங்க் வாங்குகிறவர்களாகப் பார்த்து எடுக்கவில்லை. பள்ளிக்குப் போன் கொண்டுவந்து இரண்டு முறை மாட்டிக்கொண்ட பையன் ஒருவனைச் சேர்த்தபோது தலைமையாசிரியருக்குக் கொஞ்சம் தயக்கம். "அவனையா டீச்சர்?" என்று கேட்டார். அவனுக்குத்தான் சார் இந்த உலகம் தெரியும் என்றேன். சரி, பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார்.

நான் எழுதிக் கொடுத்த வாசகங்களையெல்லாம் முதல் வாரமே அவர்கள் தள்ளிவிட்டார்கள். "உங்கள் கடவுச்சொல்லை யாருடனும் பகிராதீர்கள்" என்று எழுதியிருந்தேன். "எங்க வீட்டுல நாலு பேருக்கு ஒரே போன் மிஸ், லாக் எல்லாருக்கும் தெரியும்" என்றாள் ஒருத்தி. உண்மைதான். 2020இல் கொரோனாவுக்குப் பள்ளியை மூடிய பிறகு பாடத்துக்காக வாங்கிய போன், அதன்பின் வீட்டுக்கே பொதுவாகிவிட்டது. அண்ணன் கேம் ஆடுவான், அம்மா சமையல் வீடியோ பார்ப்பார், அப்பாவின் ஜிபேயும் அதில்தான். ஆளுக்கொரு போன் இருக்கும் வீட்டுக்கான அறிவுரையை இங்கே ஒட்டினால் எப்படி ஒட்டும்? பிள்ளைகளே மாற்றி எழுதினார்கள்: போன் லாக் வீட்டுக்கு, ஜிபே பின் அப்பாவுக்கு மட்டும், இன்ஸ்டா பாஸ்வேர்டு எனக்கும் அம்மாவுக்கும் மட்டும். உயிர்த் தோழியாக இருந்தாலும் கிடையாது.

அவர்கள் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்தது, "காசு வாங்குறதுக்கு பின் நம்பர் எதுக்கு?" என்ற கேள்விதான். யூபிஐயில் பணம் அனுப்பத்தான் பின் போட வேண்டும், பணம் வருவதற்கு எதையும் அழுத்த வேண்டியதில்லை. இதை நான் விளக்கினால் ஒரு பீரியட் ஆகும். அவர்கள் ஒரே வரியில் கேட்டுவிட்டார்கள்.

ஆறாம் வகுப்புக்கு இவர்கள் வகுப்பு எடுத்த அன்று நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு வாண்டு எழுந்து, "அண்ணா, பிளாக் பண்ணா அவனுக்கு மெசேஜ் போவுமா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியாது. போனில் மாட்டிய அந்தப் பையன்தான் சொன்னான்: "போவாது. ஆனா பிளாக் பண்றதுக்கு முன்னாடி அவன் அனுப்பினதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை, ஐடி பேரும் தெரியணும். அழிச்சிட்டீனா நாளைக்கு எதைக் காட்டுவ?" யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. மூத்த பிள்ளை சொன்னால் சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி நாம் சொன்னால் கேட்பதில்லை.

இதில் நான் செய்த தவறையும் சொல்லியாக வேண்டும். குழுவில் இருந்த ஒரு பெண்ணிடம் வேறொரு மாணவி அழுதிருக்கிறாள். படம் அனுப்பு, இல்லையென்றால் ஏற்கெனவே அனுப்பிய படத்தை எல்லோருக்கும் போடுவேன் என்று ஒருவன் மிரட்டுகிறான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். இந்தப் பெண் அதை நான்கு நாள் தனியாகச் சுமந்திருக்கிறாள். சாப்பிடவில்லை என்று அவள் அம்மா என்னிடம் வந்து சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. பதினான்கு வயதுப் பிள்ளையின் தலையில் பெரியவர்கள் தூக்க வேண்டிய பாரத்தை நான் ஏற்றி வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு கோடு போட்டோம். படம், மிரட்டல், தனியாக வா என்ற அழைப்பு, இந்த மூன்றில் எது காதில் விழுந்தாலும் அன்றைக்கே ஒரு பெரியவரிடம் வர வேண்டும். சத்தியம் வாங்கினாலும் வர வேண்டும். "நான் வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், ஆனா மிஸ்கிட்ட உன்கூட வருவேன்" என்று சொல்லப் பழக்கினேன். அந்தப் படத்தை ஆதாரத்துக்காக என்று கூட யாருக்கும் அனுப்பக் கூடாது, எனக்கும் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் ஆபாசப் படத்தை அனுப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் குற்றம். ஆசிரியர்களுக்கும் இதில் தப்பித்துக்கொள்ள வழியில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்த பிறகும் புகார் செய்யாமல் இருப்பதே தண்டனைக்குரியது. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைப்பதற்கு அதில் இடமே இல்லை.

அந்த மாணவிக்காகக் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குக் கூப்பிட்டோம், காவல் நிலையத்துக்கும் நான்தான் கூடப் போனேன். 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையும் அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. காணாமல் போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்காக அமெரிக்காவில் இயங்கும் ஒரு மையம் நடத்துவது. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. நம் போனிலேயே அதற்கு ஒரு கைரேகை மாதிரி எண் உருவாகி, அந்த எண் மட்டும்தான் போகும். சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும். இதைச் சொன்னபோது அந்தப் பெண் முதல் முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

பெற்றோர் கூட்டத்தில் குழு ஒரு சின்ன நாடகம் போட்டது. மகள் சொல்ல வருகிறாள், அப்பா போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுகிறார், அவ்வளவுதான் கதை. முடிந்ததும் ஒரு அம்மா எழுந்து, "அப்ப பிடுங்காம இருந்தா சொல்லிடுவீங்களா?" என்று கேட்டார். பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் "சொல்லுவோம்" என்றார்கள். சிலர் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை, தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்தார்.

அக்டோபர் 2 கிராம சபைக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். பேங்கிலிருந்து பேசுகிறேன், உரிமைத் தொகை ஏறவில்லை, ஓடிபி சொல்லுங்கம்மா என்று யாராவது போன் செய்தால் என்ன செய்ய வேண்டும் என்று நடித்துக் காட்டினார்கள். பணம் போய்விட்டால் உடனே, ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் பணம் கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்க முடியும் என்றும் சொன்னார்கள்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது ஒரு வயசான அம்மா அந்தப் போன் பையனைக் கையைப் பிடித்து நிறுத்தினார். சுருக்குப்பையிலிருந்து ஏடிஎம் கார்டை எடுத்தார். மடித்த கவருக்குள் இருந்தது, கவர் மேலேயே பேனாவில் நான்கு எண்கள். "ஆயிரம் ரூபா வந்திருக்கான்னு பார்த்துட்டு வா கண்ணு. நம்பர் இதுலயே இருக்கு" என்று நீட்டினார். அவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண்ணை மூடியபடியே கவரைத் தொடாமல் சொன்னான்: "ஆயா, என்கிட்டயும் காட்டக் கூடாது ஆயா. கார்டை உள்ள வைங்க. வாங்க, ரெண்டு பேருமா போலாம்."