பிசிஷியன் அசிஸ்டன்ட் விண்ணப்பம்: கவர் மூடித் தராத கந்தோரும் காஸ்பாவின் மூன்று திகதிகளும்

வைத்தியரோடு சேர்ந்து நோயாளியைப் பார்க்கும் பிசிஷியன் அசிஸ்டன்ட் படிப்புக்கு, அமெரிக்கக் கல்லூரிகளின் பொது ஒன்லைன் விண்ணப்பத் தளமான காஸ்பா வழியாக விண்ணப்பிக்கத் திருகோணமலையில் இருந்து ஆயத்தமாகிறவர்கள் முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கல்லூரியும் கடைசித் திகதி என்று போட்டிருப்பது ஒரே பொருளில் இல்லை. ஒன்றுக்கு அந்தத் திகதிக்குள் சப்மிட் செய்தால் போதும். இன்னொன்றுக்கு விண்ணப்பம் 'கம்ப்ளீட்' ஆகியிருக்க வேண்டும், அதாவது காசு, கல்விப் பத்திரங்கள், பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மூன்றாவது வகைக்கு காஸ்பா அதைச் சரிபார்த்து 'வெரிஃபைட்' என்று காட்டியிருக்க வேண்டும். அந்தச் சரிபார்ப்பே வாரக்கணக்கில் இழுக்கும். போதாததற்குப் பல கல்லூரிகள் விண்ணப்பம் வர வர ஆளெடுத்து இடத்தை நிரப்பிவிடும். கடைசித் திகதியை நம்பி இருந்தால் நேர்முகத்துக்கு அழைக்கவே இடம் மிஞ்சாது.

கிரீன் கார்ட் இல்லாதவரை எடுக்காத கல்லூரிகள் நிறைய. வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்காத, அல்லது உடற்கூறு, உடற்றொழில், நுண்ணுயிரியல், புள்ளிவிவரம் போன்ற பாடங்களை அமெரிக்கக் கல்லூரியிலேயே படித்திருக்கச் சொல்கிற கல்லூரிகளும் உண்டு. அவற்றை ஒன்லைனில் படிக்கலாம், ஆனால் ஒன்லைன் ஆய்வுகூடத்தை ஏற்காத இடமும் இருக்கிறது. காசு கட்டுமுன் கல்லூரிக்கே மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

இனி என்னை ஆட்டிவைத்த விசயம்: கவர். இலங்கைப் பட்டத்தை டபிள்யூ.இ.எஸ். என்ற பட்ட மதிப்பீட்டு நிறுவனம் பாடவாரியாக மதிப்பிட்டு காஸ்பாவுக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் பெறுபேற்றுப் பத்திரம் பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாகப் போக வேண்டும். கவரை ஒட்டி, ஒட்டின மடிப்புக்குக் குறுக்கே கையொப்பமும் சீலும் விழ வேண்டும், வெளியே உங்கள் டபிள்யூ.இ.எஸ். இலக்கம் இருக்க வேண்டும். எங்கள் பல்கலைக்கழகக் கந்தோரிலோ பத்திரத்தைச் சும்மா கையில் நீட்டினார்கள். "தம்பி, ஒறிஜினல் உங்கட கையிலயே தாறம், பிறகென்னத்துக்குச் சீல்?" என்று கேட்டார் எழுதுவினைஞர். அதை வாங்கி நாமே கொழும்பிலிருந்து அனுப்பினால் வீண். நம் கை பட்ட பத்திரம் அங்கே செல்லாது.

வாதாடிப் பயனில்லை. டபிள்யூ.இ.எஸ். பக்கத்தில் இலங்கைக்கான அறிவுறுத்தலை அச்செடுத்து, அவர்களின் படிவத்தில் உங்கள் பகுதியை நிரப்பி, விலாசம் எழுதின கவரையும் காசு கட்டின கூரியர் பில்லையும் சேர்த்துக்கொண்டு உதவிப் பதிவாளரிடம் போங்கள். அனுப்புநர் விலாசம் பல்கலைக்கழகத்தினதாக இருக்கட்டும். வேலை மிச்சம் என்று தெரிந்தால் அவர்களே மூடி அனுப்பிவிடுவார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது. மடிப்பின்மேல் அந்த நீலச் சீல் அரைவாசி இங்கும் அரைவாசி அங்குமாக விழுந்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

பெயரையும் பாருங்கள். பத்திரத்தில் முதலெழுத்து, பாஸ்போட்டில் தகப்பன் பெயர் முழுதாக, டோஃபல் ஆங்கிலப் பரீட்சையில் வேறொரு ஒழுங்கு என்று இருந்தால் கோப்புகள் ஒன்றோடொன்று சேராமல் நிற்கும். எல்லாவற்றிலும் பாஸ்போட் எழுத்தையே பிடியுங்கள். பத்திரத்தில் மாற்ற முடியாவிட்டால் சமாதான நீதவானிடம் ஆங்கிலத்தில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்திருப்பது உதவும்.

காஸ்பா ஏப்ரல் கடைசி வாக்கில் திறக்கும். அதற்குச் சற்றுமுன் சித்திரை வருசம், கந்தோர்களில் ஆளே இருக்காது, பிறகு மே மாதம் வெசாக். மார்கழியிலும் விடுமுறை, மழை வேறு. பத்திர வேலையைத் தை, மாசிக்குள் முடித்துவிடுங்கள்.

வைத்தியசாலைச் சேவைக் கடிதம் அடுத்த தலையிடி. "இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை கடமையாற்றினார்" என்று இரண்டு வரியில் தருவார்கள். காஸ்பா கேட்பது மணித்தியாலம், வேலை விபரம், மேற்பார்வையாளரின் தொடர்பு. காலை 7 முதல் 1, 1 முதல் 7, இரவு 12 மணித்தியாலம் என்ற டியூட்டி அட்டவணையிலிருந்து நீங்களே கூட்டி, வார்ட் பொறுப்புத் தாதியிடம் ஒப்பம் வாங்கி வைத்திருங்கள். ஓ.டி.யை விட்டுவிடாதீர்கள். நோயாளியைத் தொட்டுச் செய்த வேலை ஒரு பிரிவு, பதிவேடு எழுதினது வேறு பிரிவு. இரண்டையும் கலந்தால் கல்லூரி வெட்டிவிடும். சப்மிட் செய்தபின் பதிந்த அனுபவத்தைத் திருத்த முடியாது, புதியதைச் சேர்க்க மட்டும் முடியும்.

பரிந்துரைக் கடிதத்துக்கு வைத்தியரிடம் முதலே சொல்லுங்கள், "சேர், ஸ்பாமையும் ஒருக்கா பாருங்கோ" என்று. காஸ்பா அவருக்கு அனுப்பும் மின்னஞ்சல் அழைப்பு அங்கேதான் போய்க் கிடக்கும். விண்ணப்பத்தில் உங்களைப் பற்றி எழுதும் கட்டுரை இடைவெளி உட்பட 5,000 எழுத்துகளுக்குள், தட்டச்சு முடிந்ததும் எண்ணிப் பாருங்கள்.

கட்டணத்துக்கு வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவைத் திறந்து வையுங்கள், சும்மா இருந்தால் மறுத்துவிடும். கடைசித் திகதியில் இரவு 11.59 என்பது அமெரிக்கக் கிழக்கு நேரம். அங்கே கோடை நேரம் நடக்கும்போது நமக்கு அது மறுநாள் காலை 9.29, நவம்பர் முதல் மார்ச் வரை 10.29. சந்தேகம் இருந்தால் முதல்நாள் மாலையே அனுப்பிவிடுங்கள், திருகோணமலையில் மின்சாரம் போவதற்கு நேரம் காலம் கிடையாது.