கட்சி பேசாத கூடம்

மன்னார்குடியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். லயன்ஸ் கிளப்பில் உறுப்பினர். "சந்தாவைக் கட்டிட்டு ராத்திரியில மீட்டிங்குக்கு ஓடுற, அதுல உனக்கு என்ன மாப்ள லாபம்?" என்று மச்சான் கேட்டார். நியாயமான கேள்விதான்.

எங்கள் பக்கம் எல்லாமே தெரு வாரியாக நடக்கும். மண்டகப்படியானாலும் சாவானாலும் யார் எங்கே நிற்க வேண்டும் என்பது முன்னாலேயே முடிவாகியிருக்கும். நான் கொல்லைப்பக்கமாகவே போய் மோட்டார் பார்த்துவிட்டு வந்த ஒரு மிராசுதார் வீடு உண்டு. அவரும் எங்கள் கிளப்தான். கூட்டத்தில் பக்கத்து நாற்காலி. அவர் பெயருக்கு முன்னாலும் லயன், என் பெயருக்கு முன்னாலும் லயன். இப்போது போனால் கூடத்தில் உட்கார வைத்துக் காபி கொடுக்கிறார்.

பொது விஷயம் எதையும் பேசலாம், கட்சி அரசியலையும் மதப் பிரிவினையையும் மட்டும் விவாதிக்கக் கூடாது என்பது லயன்ஸின் நோக்கங்களிலேயே இருக்கிறது. மேட்டூர் திறப்பைப் பற்றிப் பேச்செடுத்தாலே அது கட்சியில் போய் முடிகிற ஊரில் இந்த விதி எவ்வளவு பெரியது என்று உள்ளே வந்த பிறகுதான் புரிந்தது. யாராவது மீறினால் டெயில் ட்விஸ்டர் என்கிற கிளப் பொறுப்பாளர் எழுந்து அபராதம் வாங்கிவிடுவார். பெண்களைச் சேர்க்க 1987 வரை ஆனது, அது ரொம்பத் தாமதம். இன்று எங்கள் செயலாளர் ஒரு டீச்சர். கணக்கு அவ்வளவு சுத்தம்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தது. தென்னை, போஸ்ட் எல்லாம் சாய்ந்து, கரண்ட் இல்லாமல் மேல்நிலைத் தொட்டிகள் காலி. செல்போனும் எடுக்கவில்லை. தலைவர் தஞ்சாவூர் வரை பைக்கில் போய், கரூர்ப் பக்கத்து கிளப்புக்குத் தகவல் சொன்னார். ஜெனரேட்டர் ஏற்றிய மினி லாரி வந்து சேர்ந்தது. வந்தவர்களை முன்பின் பார்த்ததில்லை, ஆனால் சட்டையில் அதே பேட்ஜ். கிராமம் கிராமமாகப் போய் பம்புக்கு லைன் கொடுத்துத் தொட்டிகளை நிரப்பினோம். பெரிய தொகை கொடுக்க முடியாதவன் நான். என் கைத்தொழிலை அத்தனை ஜனம் நம்பியிருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம் கண் முகாம். 1925-ல் லயன்ஸ் மாநாட்டில் ஹெலன் கெல்லர் பார்வையற்றவர்களுக்காகப் பாடுபடச் சொன்னார், அதிலிருந்து வந்த வழி இது. நடவிலும் அறுப்பிலும் வைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள். அதனால் சம்பா அறுத்த பிறகு வைப்போம். கண்புரை இருப்பவர்களை ஆஸ்பத்திரி பஸ்ஸில் அனுப்பி, ஆபரேஷன் முடிந்து வரும்போது நாங்கள் போய் இறக்குவோம். கண் சரியாகத் தெரியாமல், கோரை என்று நினைத்து நெல் நாற்றையே பிடுங்கிவிட்டதால் களையெடுக்கக் கூப்பிடாமல் விட்ட ஒரு அம்மா, ஆபரேஷனுக்குப் பிறகு பட்டறைக்கே வந்து, "இந்த வருஷம் வேலைக்குக் கூப்பிட்டாக தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விசிட்டிங் கார்டுக்காகச் சேர்கிறவர்களும் உண்டு. அவர்கள் அடுத்த சந்தாவுக்குள் காணாமல் போய்விடுவார்கள்.

உறுப்பினர் ஒருவர் அழைத்தால்தான் இதில் சேர முடியும். ஜூலையில் புது வருஷம் தொடங்குகிறது. மச்சான் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.